சேர்வர் போட்டுத் தரும் கடை: கேபிள் வேலை திறம், வேரியபிள் வைத்த இடம் பிழை

யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிப் பக்கமுள்ள கடையொன்று அலுவலகங்களுக்கு உபுண்டு சேர்வர் போட்டுக் கொடுக்கிறது. டிஸ்க் பிரித்த விதம், யூபிஎஸ் இணைப்பு, கேபிளுக்குக் கேபிள் லேபிள், எல்லாம் திறம். சொன்ன நாளிலேயே முடித்துத் தந்தார்கள். குறை கரண்ட் போய் வந்த பிறகுதான் வெளியே வந்தது.

ஜாவா எந்த இடத்தில் இருக்கிறது என்று மென்பொருளுக்குச் சொல்லும் ஜாவா_ஹோம் வேரியபிளை /ஈடிசி/புரொபைல்.டி போல்டரில் ஸ்கிரிப்டாகப் போட்டிருந்தார்கள். ஒருவர் உள்ளே நுழையும்போது திறக்கும் லொகின் ஷெல்தான் அதை வாசிக்கும். லொகின் செய்து கையால் கிளப்பினால், அலுவலக மென்பொருளை ஓட்டும் ஜாவா சேர்வரான டொம்காட் ஓடும். சேர்வர் தானாக எழும்பும்போது கிளப்புவது, சேவைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டி. அது அந்தப் பக்கமே போகாது. ஜாவா_ஹோம் இல்லையென்று லொக்கில் ஒரு வரி, அத்தோடு டொம்காட் படுத்துவிடும்.

முறைப்பட்டதும் வந்த பெடியன் /ஈடிசி/என்வைரன்மென்ட் பைலில் கைவைத்தார். அதையும் சிஸ்டம்டி சேவைகள் தாமாக வாசிப்பதில்லை. லொகின் நேரத்தில், லொகினைச் சரிபார்க்கும் பாம் (PAM) வாசிப்பது அது. போதாததற்கு, கட்டளைகளைத் தேடவேண்டிய போல்டர்களைச் சொல்லும் பாத் வரியில் பழைய பாத்தை டொலர் குறியோடு சேர்த்துவிட்டார். அது ஷெல் ஸ்கிரிப்ட் அல்ல, டொலர் குறி விரியாமல் அப்படியே நிற்கும். அடுத்த லொகினில், பைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை கூட இல்லையென்றது. இப்படி மாட்டினால் பதறவேண்டாம்: நிர்வாகி அதிகாரம் தரும் /யூஎஸ்ஆர்/பின்/சூடோ, பைல் திருத்தும் /யூஎஸ்ஆர்/பின்/நானோ என்று முழுப் பாதையும் அடித்து பைலைத் திறந்து திருத்தலாம்.

கடைசியில் வேலை செய்தது இதுதான்: 'சூடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் டொம்காட்' அடித்து, சேர்விஸ் பகுதியின் கீழ் என்வைரன்மென்ட்= என்று ஜாவா_ஹோம் பாதையைக் கொடுத்து, ரீஸ்டார்ட். ஓடிக்கொண்டிருக்கும் புரொசெஸ் புது மதிப்பை எடுக்காது, ஆகவே ரீஸ்டார்ட் கட்டாயம். போய்ச் சேர்ந்ததா என்று /புரொக் போல்டரில் அந்தப் புரொசெஸ் எண்ணுக்குள் இருக்கும் என்வைரன் பைலில் பார்க்கலாம்.

டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் ஒரு பொது பைலில் விட்டிருந்தார்கள். சேர்வரில் கணக்குள்ள எவரும் வாசிக்கலாம்! ரூட்டுக்கு (நிர்வாகிக் கணக்குக்கு) உரிய, உரியவர் மட்டும் வாசிக்கும் 600 அனுமதியுள்ள தனிப் பைலுக்கு மாற்றி, என்வைரன்மென்ட்பைல்= வரியால் காட்டச் சொன்னோம். முகம் சுளிக்காமல், மேலதிகக் காசு கேளாமல் செய்தார்கள்.

இந்தக் கடையில் வேலை கொடுக்கலாம். காசைக் கொடுக்கமுன் சேர்வரை ரீபூட் செய்யச் சொல்லுங்கள். ஒருவரும் லொகின் செய்யாமலே பக்கத்துக் கணினியில் மென்பொருள் திறக்கவேண்டும்.