46,500 ரூபாய் போச்சு: வினைல் இசைத்தட்டு போட்டுத் தருகிறோம் என்று வரும் டெக்னோ லேபிள்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

நேற்று இரவு 11 மணிக்கு, என்னிடம் பணம் வாங்கிய லேபிள்காரர்கள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் எழுத மாட்டேன் என்று எனக்கே தெரியும்.

எனக்குக் காவேரிப்பட்டணம். வேலை ஓசூர் சிப்காட்டில், பாதி மாதம் நைட் ஷிஃப்ட். ஆறு வருடமாக டெக்னோ (மின்னணுக் கருவிகளில் செய்யும் நடன இசை) செய்கிறேன். பெங்களூரில் சின்ன இடங்களில் மூன்று முறை வாசித்திருக்கிறேன், கைக்கு வந்தது பஸ் காசுதான். பணத்துக்காக இதில் யாரும் இறங்குவதில்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் ஒரு கார் தொழிற்சாலை நகரம். ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் அதன் பக்கத்துச் சிற்றூரில் ஒன்றாகப் படித்த பிள்ளைகள். 80களில் அவர்கள் கையில் உருவான இசை இது. தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து அதைக் கேட்டால் எங்கோ இருக்கிற ஊர்ப் பாட்டு மாதிரி எனக்குத் தோன்றாது.

போன வருடம் நான்கு டிராக் முடித்தேன். அதில் ஒன்று முழுக்க முழுக்க பம்பை. எங்கள் பக்கம் திருவிழாவில் பம்பை அடிக்கும் ஒரு பெரியவரை வீட்டு மாடிக்குக் கூட்டிவந்து, இரண்டு மைக் வைத்து ஒரு மதியம் முழுக்கப் பதிவு செய்தேன். மரத்தில் ஒன்று, பித்தளையில் ஒன்று என இரண்டு முழவு சேர்ந்ததுதான் பம்பை. பித்தளையிலிருந்து வரும் அந்த அதிர்வை நிமிடத்துக்கு 132 அடி ஓடும் கிக் டிரம்முக்கு மேல் வைத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெரியவர் காசு வாங்க மறுத்தார். "தட்டு போட்டா ஒண்ணு குடு கண்ணு, பேரனுக்குக் காட்டணும்" என்றார். நானும் சரி என்றேன்.

ஆகஸ்டில் ஒரு இணைய லேபிளிலிருந்து (இசையை வெளியிடும் நிறுவனம்) செய்தி வந்தது. லேபிள், விளம்பரம், வினைல் அச்சு மூன்றையும் ஒரே இடத்தில் செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் தளம். பக்கத்தில் யார் பெயரும் இல்லை, முகமும் இல்லை. கறுப்புப் பின்னணி, வெறும் எண்கள். வேறு எந்தத் தொழிலாக இருந்தாலும் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பேன். ஆனால் டெக்னோவில் முகம் காட்டாமல் இருப்பது மரியாதை. டெட்ராய்டின் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் என்ற டெக்னோ குழுவின் மைக் பேங்க்ஸ் வெளியே வந்தால் முகத்தை மூடிக்கொள்வார். பெர்லினின் பேசிக் சேனல் என்ற டெக்னோ இரட்டையர் வெளியிட்ட தட்டுகளில் எழுத்தைப் படிக்கவே முடியாது. ஆளைப் பார்க்காதே, இசையைக் கேள் என்பது அவர்கள் கொள்கை. அந்தக் கொள்கையைத்தான் நான் காதலித்தேன். அதே திரைக்குப் பின்னால் ஒரு திருடன் வசதியாக உட்கார்ந்துகொள்ள முடியும் என்று தோன்றவே இல்லை.

ஒரு இரவு அந்த லேபிளிலிருந்து ஒரு ஆள் போனில் பேசினான். "மூன்றாவது நிமிடத்தில் கிக்கை நிறுத்திவிட்டுப் பித்தளை ஒலியை மட்டும் எட்டு பார் தனியாக விட்டிருக்கிறீர்களே, அந்தத் துணிச்சல் பெரிய ஆட்களுக்கே வராது" என்றான். ஆறு வருடத்தில் என் இசையில் இப்படி ஒரு எட்டு பாரை (தாளச் சுற்றை) கவனித்த முதல் ஆள் அவன்தான். என் தங்கை இதையெல்லாம் மிஷின் சத்தம் என்பாள். வினைலாக 300 பிரதி என்று அவன் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. போனை வைத்த அரை மணி நேரத்தில் மாஸ்டரிங்குக்கு (வெளியிடும் முன் ஒலியைக் கடைசியாகச் செம்மைப்படுத்துவது) 8,500 அனுப்பினேன். அச்சுச் செலவில் "உங்கள் பங்கு" என்று 38,000 கேட்டான். மீதியை லேபிள் போடுமாம். அம்மா சீட்டு எடுத்து வைத்திருந்த பணம் அது. மொத்தம் 46,500 ரூபாய்.

அப்புறம் நடந்தது எல்லாம் சாக்குதான். அக்டோபரில், ஆலையில் வரிசை நீளம். நவம்பரில், சோதனைத் தட்டில் இரைச்சல், திரும்ப வெட்டுகிறோம். டிசம்பரில், கஸ்டம்ஸ். நான் போட்டோ கேட்டபோது அனுப்பிய படத்தில் இருந்தது வேறு யாருடைய தட்டோ. நடுவில், விளம்பரம் என்ற பெயரில் என் பழைய டிராக் ஒன்றுக்குப் பொய்க் கேட்புகளை ஓட்டியிருக்கிறார்கள். இரண்டே நாளில் ஆயிரக்கணக்கில் ஏறியது, எல்லாம் நான் பெயரே கேட்டிராத ஒரே ஊரிலிருந்து. செயற்கைக் கேட்பு என்று சொல்லி, பாட்டு ஆப்களில் என் இசையை ஏற்றித் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் அந்த டிராக்கையே எடுத்துவிட்டார்கள். அதைச் சொன்னதற்கு, "புகார் எண் பதிவாகியுள்ளது, 7 வேலை நாட்களில் பதில் வரும்" என்ற ஒரே மெயில் நான்கு முறை வந்தது.

மாஸ்டரிங் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதுதான் எனக்கு அதிகம் எரிகிறது. அவர்கள் திருப்பி அனுப்பிய கோப்பையும் என்னுடையதையும் ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவந்து, ஒன்றின் ஃபேஸைத் திருப்பி (ஒலி அலையைத் தலைகீழாக்கி), இரண்டையும் சேர்த்து ஓட்டினேன். முழு நிசப்தம். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் அந்த வித்தியாசம் மட்டும் காதில் விழும். எதுவும் விழவில்லை. 8,500 ரூபாய்க்கு வால்யூமை மட்டும் ஏற்றியிருக்கிறான்! வாங்கிய அன்றே இதைச் சோதித்திருந்தால் 38,000 மிச்சமாகியிருக்கும்.

நேற்று, ஆலையின் பெயரையாவது சொல் என்று கேட்டேன். "உங்களைப் போன்ற கலைஞர்களோடு வேலை செய்வது கடினம்" என்று ஒரு வரி. அதோடு பிளாக்.

எச்சரிக்கை என்று சொல்லிவிட்டேன், அவசரமாகச் சிலது. உண்மையான லேபிள் உங்கள் கையிலிருந்து அச்சுக்குப் பணம் கேட்காது. நீங்களே காசு போட்டு அச்சடிப்பது தவறில்லை, ஆனால் ஆலைக்கே நேராக எழுதிக் கட்டுங்கள். முழு அச்சுக்கு முன் சோதனைத் தட்டு சிலது உங்கள் கைக்கு வரும், கேட்டுச் சரி சொன்ன பிறகுதான் மீதி ஓடும். அது வராமல் மிச்சப் பணம் தராதீர்கள். ஏமாந்தது தெரிந்த அந்த மணி நேரத்திலேயே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடியுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். நான் ஐந்து மாதம் கழித்து இன்று காலைதான் அடித்தேன். பணம் அந்தக் கணக்கிலிருந்து எப்போதோ போயிருக்கும்.

போன வாரம் சந்தையில் பம்பைப் பெரியவரைப் பார்த்தேன். "தட்டு எப்ப கண்ணு வரும்?" என்றார். பொங்கல் கழித்து என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கறுப்புப் பக்கம், வெறும் எண்கள், "உங்கள் பங்கு" என்ற பேச்சு, இதே மாதிரி யாராவது பணம் கட்டியிருந்தால் தனிச் செய்தியில் சொல்லுங்கள். யூபிஐ ரசீதுகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரே கணக்காக இருந்தால் எல்லாரும் சேர்ந்து புகார் கொடுக்கலாம்.