செம்மண், உப்புத் தண்ணீர், சான் ஸ்டார்ம்: ஓர் அரிய காரின் பெயின்ட்டைக் காத்த அனுபவம்

சான் ஸ்டார்ம் என்ற பெயரை இன்று பலர் மறந்துவிட்டார்கள். 1990-களின் கடைசியில் கோவாவில் தயாராகத் தொடங்கிய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் அது. ரெனோவின் 1149 சிசி பெட்ரோல் என்ஜின், ஃபைபர் கிளாஸ் உடல், துணிக் கூரை. விற்றதே குறைவு, தயாரிப்பும் நின்றுபோயிற்று. பானட்டில் விரிசல் விழுந்தால் கடைக்குப் போய் இன்னொன்று வாங்கி வர வழியில்லை. அப்படி ஒரு சிவப்பு ஸ்டார்மைச் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பல ஆண்டுகளாக வைத்துப் பராமரித்து வருகிறேன். அதன் பெயின்ட்டுக்காகப் பயன்படுத்தியவற்றில் எவை இந்த ஊருக்கு ஒத்துவந்தன, எவை ஒத்துவரவில்லை என்று எழுதுகிறேன். எந்தப் பொருளையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: இதனால் காரைத் தேய்க்கும் வேலை எவ்வளவு குறைகிறது?

தேய்ப்பதைக் கண்டு ஏன் இத்தனை அச்சம் என்றால், காரணம் இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய கடைசிப் பூச்சில்தான் அந்த வழவழப்பு முழுவதும் இருக்கும்; கார் பெயின்ட்டிலும் பளபளப்பு மேலே உள்ள கிளியர் கோட்டில், அதாவது நிறமில்லாத கடைசிப் பூச்சில்தான் இருக்கிறது. பொதுவாக அதன் கனம் 40, 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மெஷின் பாலிஷ் போடும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் போய்விடும். இரும்பு உடல் கொண்ட காரில் மீதி எவ்வளவு என்று பெயின்ட்டின் கனம் அளக்கும் மீட்டர் வைத்துப் பார்க்கலாம். கடைகளில் இருக்கும் சாதாரண மீட்டருக்கு அடியில் உலோகம் வேண்டும். ஃபைபர் கிளாஸில் அது எண்ணே காட்டாது. ஒலி அலையால் அளக்கும் அல்ட்ராசோனிக் மீட்டர்தான் வேண்டும்.

மதுரையில் ஒரு கடைக்குக் கொண்டுபோனபோது அங்கிருந்த இளைஞர் மீட்டரை இரண்டு மூன்று இடங்களில் வைத்துப் பார்த்துவிட்டு, "எண் வரவில்லை அண்ணே, பரவாயில்லை, பார்த்துத் தேய்த்துவிடலாம்" என்றார். சாவியை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். இரும்புத் தகடு பாலிஷ் மெஷினின் சூட்டை உடனே பரப்பிவிடும். ஃபைபர் கிளாஸ் அப்படிப் பரப்பாது. தேய்த்த இடத்திலேயே சூடு தங்கும், விளிம்புகளில் பெயின்ட் கருகிவிடும். பிறகு வேறொருவரிடம், ட்யூயல் ஆக்‌ஷன் மெஷினில் (தட்டு சுழன்றபடியே இடம் மாறுவதால் சூடு குறைவாக ஏறும்), மென்மையான பஞ்சு வைத்து, குறைந்த வேகத்தில் ஒரே ஒரு முறை பாலிஷ் போட்டு, பெயின்ட்டின் மேல் கண்ணாடி போல இறுகும் செராமிக் கோட்டிங்கும் அடித்தேன். அதன் பிறகு மெஷினைக் காரின் பக்கம் கொண்டுவரவில்லை.

இந்த ஊரில் பெயின்ட்டுக்கு முதல் எதிரி வெயில் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் அது தண்ணீர். காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீர் சுவைக்குப் பேர்போனது. எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணறு அந்த வகையைச் சேர்ந்ததில்லை. குழாயின் வாயிலேயே வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். அந்தத் தண்ணீரில் காரைக் கழுவி வெயிலில் விட்டால் ஒவ்வொரு துளியும் வட்டமாகக் காய்ந்து சுண்ணாம்புக் கறையாக நின்றுவிடும். செராமிக் கோட்டிங் இருந்தால் கறை இன்னும் எடுப்பாகவே தெரியும், ஏனென்றால் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக நிற்கிறது. தண்ணீர் உருண்டோடும் அழகை விளம்பரத்தில் காட்டுகிறார்கள். உருளாமல் நின்ற துளி என்ன செய்யும் என்று காட்டுவதில்லை.

இதற்கு விடை வீட்டுக்குள்ளேயே கிடைத்தது. வளவு முற்றத்தின் நான்கு மூலைகளிலும் ஓட்டுச் சரிவிலிருந்து கொட்டும் மழைநீரை அண்டாவில் பிடிப்பது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். முதல் மழையை விட்டுவிட வேண்டும்; அது ஓட்டுத் தூசியையும் காக்கை எச்சத்தையும் அடித்துக்கொண்டு வரும். ஐப்பசி, கார்த்திகையில் நன்றாகப் பெய்த பிறகு பிடித்த நீரை மெல்லிய துணியில் வடிகட்டிச் சேமித்துக்கொள்கிறேன். கடைசி அலசலுக்கு மட்டும் அதை ஊற்றுகிறேன். அந்த நீர் காய்ந்தால் தடமே இருப்பதில்லை. இந்தக் காருக்காக நான் வாங்கிய எந்தப் புட்டியும் இந்த அளவுக்கு உதவியதில்லை.

அடுத்தது செம்மண். சிவப்புக் காரில் செம்மண் தூசி கண்ணுக்குத் தெரியாது. சுத்தமாக இருக்கிறது என்றே தோன்றும். பானட்டில் விரலை வைத்தால்தான் நறநறவென்று தட்டுப்படும். அதில் உள்ள குவார்ட்ஸ் துகள் கிளியர் கோட்டைவிடக் கடினமானது. வீட்டு வேலைகளைக் கவனிக்கும் பெரியவர் அன்போடு தோள் துண்டை எடுத்து, "தூசியைத் தட்டிவிடட்டுமா தம்பி?" என்று கேட்பார். "வேண்டாம் ஐயா, முதலில் தண்ணீர் ஊற்றிவிடலாம்" என்பேன். செம்பால் மேலிருந்து மெதுவாக ஊற்றும்போது கதவின் மடிப்பில் கலங்கல் ஒரு கோடாக இறங்கும். அந்தக் கோடு தெளியும்வரை துணி காரைத் தொடக் கூடாது. பிறகு இரண்டு வாளி (ஒன்றில் ஷாம்பு நீர், மற்றதில் கையுறையை அலச வெறும் நீர்), காரம் இல்லாத கார் ஷாம்பு, மைக்ரோஃபைபர் கையுறை. துவட்டுவதும் தேய்த்து அல்ல. துண்டை விரித்துப் போட்டு ஒற்றி எடுக்கிறேன்.

நிழலுக்கு வண்டிக்கொட்டகை இருக்கிறது. ஆனால் பழைய சுண்ணாம்புச் சுவர் உதிர்ந்துகொண்டே இருக்கும், அந்தப் பொடி ஈரத்தோடு சேர்ந்தால் காரமாகும். ஆகவே பருத்தி உறை போடுகிறேன், காரைக் கழுவிய பிறகு மட்டும். தூசியோடு உறையைப் போட்டு இழுத்தால் உப்புத்தாள் வேலைதான் நடக்கும். ஊரில் மயில்கள் அதிகம். கதவில் தன் உருவத்தைப் பார்த்தால் கொத்தும். அதற்கும் உறைதான் காவல். பறவை எச்சம் விழுந்தால் ஈரத்துணியைச் சில நிமிடம் அதன்மேல் போட்டு ஊறவைத்து எடுக்கிறேன். உச்சிவெயிலில் விட்டுவைத்தால் தழும்பாகிவிடும்.

செராமிக் கோட்டிங் பற்றி: பயன் உண்டு. அழுக்கு ஒட்டாமல் தண்ணீரிலேயே போய்விடுகிறது, அதனால் தேய்ப்பு குறைகிறது. ஆனால் கோட்டிங் விளம்பரங்களில் சொல்லும் 9எச் கடினம் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் அளவு. கீறலே விழாது என்று அதற்குப் பொருள் இல்லை. ஒன்றிரண்டு மைக்ரான் படலம் கல்லைத் தடுக்காது. கார்னாபா என்ற பனை வகை மரத்தின் மெழுகு சிவப்பு நிறத்துக்குத் தரும் ஆழம் எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனாலும் சித்திரை வெயிலில் சில வாரங்களுக்கு மேல் தாங்குவதில்லை.

திருமயம் சாலையில் தெறிக்கும் கல்லுக்கு பிபிஎஃப் (பெயின்ட் மேல் ஒட்டும் பாதுகாப்புப் படலம்) ஒன்றுதான் வழி. 150 முதல் 200 மைக்ரான் பாலியூரித்தேன் படலம். முன் பம்பரிலும், கதவின் அடியிலும், பின் சக்கர வளைவிலும் ஒட்டியிருக்கிறேன். லேசான கீறல்கள் வெயில் சூட்டிலேயே மறைந்துவிடுகின்றன. மறுபெயின்ட் செய்த பாகத்தில் ஒட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டும். உரிக்கும்போது பெயின்ட்டும் கையோடு வந்துவிடலாம். பம்பரின் படலம் இப்போது விளிம்பில் மஞ்சளிக்கத் தொடங்கியிருக்கிறது. பசை இறுகிப்போவதற்குள், மாசியில் வெயில் ஏறியதும், சூடான காற்று ஊதும் ஹீட் கன் இல்லாமல் வெந்நீர்த் துணியால் இளக்கிச் சிறுகச் சிறுக உரிக்கப்போகிறேன்.