நான்கையும் மாற்றுவதா, இரண்டை மட்டுமா? ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளின் டயர் கணக்கு

ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் இரண்டு டயர்கள் மட்டும் மொட்டையாகிவிட்டால், அந்த இரண்டை மாற்றினால் போதுமா, நான்கையும் மாற்ற வேண்டுமா என்பதைப் பெரும்பாலும் விலையை வைத்தே முடிவு செய்கிறோம். ஆனால் இன்ஜினின் விசை நான்கு சக்கரங்களுக்கும் எந்த வழியாகப் போய்ச் சேருகிறது என்பதுதான் இங்கே முதலில் பார்க்க வேண்டியது.

மஹிந்திரா தாரில் வரும் 255/65 ஆர்18 அளவு டயரை எடுத்துக்கொள்வோம். புதிதாக இருக்கும்போது அதன் விட்டம் ஏறத்தாழ 789 மி.மீ., சுற்றளவு 2,478 மி.மீ. பட்டன், அதாவது சாலையைப் பிடிக்கும் ரப்பர் வரிகள், 4 மி.மீ. தேய்ந்தால் சுற்றளவு 25 மி.மீ. குறைகிறது. புதிய டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 404 முறை சுற்றும்போது பழையது 408 முறை சுற்றியாக வேண்டும். சென்னையிலிருந்து கோவை போய்ச் சேர்வதற்குள் இந்த வேறுபாடு ஏறத்தாழ 2,000 சுற்றுகளாகப் பெருகிவிடும்.

தார், மாருதியின் ஜிம்னி போன்ற வண்டிகளில் 2 ஹை என்ற நிலையில் ஓட்டும்போது பின்சக்கரங்களுக்கு மட்டுமே விசை போவதால், முன்னும் பின்னும் வேறு வேகத்தில் சுற்றினாலும் எந்தப் பாகத்துக்கும் கேடில்லை. நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் 4 ஹையில் போட்டதும் நிலைமை மாறுகிறது. முன்னும் பின்னும் வேறு வேகத்தில் சுற்ற இடம்கொடுக்கும் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாததால் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. சேற்றிலும் மணலிலும் சக்கரம் சற்று வழுக்கி அந்த வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும், காய்ந்த தார்ச்சாலையில் அதற்கு வழியில்லாமல் முறுக்கம் முழுவதும் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஏறும். ஆகவே இவ்வகை வண்டிக்கு, மற்ற இரண்டு டயர்களும் பாதிக்கு மேல் தேறும் நிலையில் இருந்தால், இரண்டை மட்டும் மாற்றுவதில் தவறில்லை என்பதே என் முடிவு. தார்ச்சாலையில் 4 ஹையைத் தொடக்கூடாது என்ற ஒழுக்கம் மட்டும் வேண்டும்.

நாம் எதையும் மாற்றாமல் தானாகவே நான்கு சக்கரங்களுக்கும் விசை அனுப்பும் ஆல் வீல் டிரைவ் வண்டிகளில் இந்தச் சலுகை கிடையாது. அவற்றில் பலவற்றில் முன்னையும் பின்னையும் இணைப்பது எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் தட்டுகளோ, கெட்டியான திரவத்தின் வழியே விசையைக் கடத்தும் விஸ்கஸ் கப்ளிங்கோதான். சுற்றளவு வேறுபட்டால், நேர்ச்சாலையில் போகும்போதுகூட அவை ஓயாமல் உரசிச் சூடாகும். எண்ணெய் கெடும், தட்டு தேயும். நான்கு டயர்களின் சுற்றளவு வேறுபாடு கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்கிறது ஜப்பானிய கார் நிறுவனமான சுபாரு. பட்டன் ஆழத்தில் அது ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே. பாதி தேய்ந்த இரண்டு டயர்களைக் காப்பாற்றப்போய் கப்ளிங்குக்குச் செலவழிப்பதைவிட நான்கையும் ஒரேயடியாக மாற்றுவதே மேல்.

இரண்டை மட்டும் மாற்றுவோர், புதியவற்றைப் பின்னால்தான் போட வேண்டும். ஸ்டியரிங் முன்னால் இருக்கிறது என்று முன்னால் போடச் சொல்வோர் உண்டு. ஆனால் வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் மழையோடு இறங்கும்போது முன்சக்கரம் பிடியிழந்தால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க ஓரளவு வழியுண்டு. பின்சக்கரம் பிடியிழந்தால் வண்டியே சுழன்றுவிடும். ஒரே அச்சின் ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் பழையதுமாகப் போடவே கூடாது. டயரின் பக்கவாட்டில் ஒரே அளவு எண் அச்சாகியிருந்தாலும் வெவ்வேறு நிறுவனங்களின் டயர்கள் உண்மையான விட்டத்தில் வேறுபடும் என்பதால், நான்கும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலாக இருப்பது நல்லது.

ஒரே ஒரு டயர் கல்லில் கிழிந்துவிட்டால் என்ன செய்வது? அமெரிக்காவில் புதிய டயரின் பட்டனைச் சீவி, மற்றவற்றின் ஆழத்துக்குக் கொண்டுவந்து மாட்டித் தரும் கடைகள் உண்டு. நமக்குக் கைவசம் இருப்பது ஸ்டெப்னி. தாரிலும் ஜிம்னியிலும் பின்கதவில் தொங்குவது முழு அளவு டயர். டயர்களை இடம் மாற்றிப் போடும் ரொட்டேஷனின்போது அதையும் சேர்த்து ஐந்தையும் சுழற்றி வந்திருந்தால், அவசரத்துக்கு அதே தேய்மானமுள்ள டயர் தயாராக இருக்கும். தொடாமலே விட்ட ஸ்டெப்னியில் பட்டன் புதிதாகத் தெரிந்தாலும், வெயிலில் ரப்பரில் வெடிப்பு விட்டிருக்கக்கூடும். பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள்: 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது.