மூன்று நிமிடமா, எட்டு மூச்சா, நான்கு மூச்சா?

சிவகங்கை, காரைக்குடிப் பக்கம் ஆபரேஷன் தியேட்டர் போஸ்டிங்குக்கு வரும் மாணவர்களிடம் பிரிஆக்சிஜனேஷன் (மயக்கம் கொடுத்து மூச்சு நிற்கும் முன், மாஸ்க் வழியே நுரையீரலில் ஆக்சிஜனை நிரப்பி வைப்பது) பற்றிக் கேட்டால் மூன்று முறைகளையும் ஒப்பித்துவிடுவார்கள். இந்த நோயாளிக்கு எது என்று கேட்டால்தான் தயங்குவார்கள். அதற்குக் கணக்குத் தெரிய வேண்டும்.

மழை நின்றபின் நம் ஊர்களுக்கு ஊருணி எப்படியோ, மூச்சு நின்றபின் உடம்புக்கு எஃப்.ஆர்.சி. அப்படி. சாதாரணமாக மூச்சை விட்டு முடித்ததும் நுரையீரலில் தங்கும் காற்று அது. படுத்திருப்பவருக்குக் கிலோவுக்குச் சுமார் 30 மி.லி. என்று வைத்தால், 70 கிலோ ஆளுக்கு 2,100 மி.லி. வெறும் காற்றைச் சுவாசித்தவருக்கு அதில் ஆக்சிஜன் ஏறக்குறைய 13 சதவீதம், அதாவது 270 மி.லி. உடம்பு நிமிடத்துக்கு 250 மி.லி. செலவழிக்கிறது. ஒரு நிமிடத்தில் காலி. நைட்ரஜனை வெளியேற்றி 90 சதவீதம் ஆக்சிஜன் நிரப்பினால் கிட்டத்தட்ட 1,900 மி.லி.; ஏழு நிமிடத்துக்கு மேல் தாங்கும். மயக்கம் கொடுத்ததும் எஃப்.ஆர்.சி. இன்னும் சுருங்கும் என்பதால் நிஜத்தில் கொஞ்சம் குறைத்தே நம்பலாம்.

என் ஓட்டு மூன்று நிமிடச் சாதாரண மூச்சுக்குத்தான். எஃப்.ஆர்.சி.யை ஆல்வியோலார் வென்டிலேஷனால் (நுரையீரலின் காற்றறைகளுக்கு நிமிடத்துக்குப் போய்வரும் காற்று) வகுத்தால் நேர மாறிலி, அதாவது நைட்ரஜன் எவ்வளவு வேகமாக வெளியேறும் என்பதைக் காட்டும் நேர அளவு, வரும்: 2.1 லிட்டர், நிமிடத்துக்கு 4 லிட்டர், ஆக அரை நிமிடம். மூன்று மாறிலிகளில், அதாவது ஒன்றரை நிமிடத்தில், நைட்ரஜன் 95 சதவீதம் போய்விடும். பிறகு எதற்கு மூன்று நிமிடம்? மாஸ்க் ஓரத்தில் கசிவு இருக்கும், மாஸ்க்கை இயந்திரத்தோடு இணைக்கும் குழாய்களான சர்க்யூட்டிலேயே காற்று இருக்கும், நுரையீரலின் எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் கழுவப்படாது. மீதி நேரம் அதற்காக.

நான்கு ஆழ்ந்த மூச்சு அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அதன் கவர்ச்சியே அதுதான். ஆனால் ஒவ்வொரு மூச்சும் 2 லிட்டர் என்றால் மொத்தம் 8 லிட்டர் வேண்டும். ஆக்சிஜன் ஃப்ளோ நிமிடத்துக்கு 5 லிட்டரில் இருந்தால் அரை நிமிடத்தில் வருவது இரண்டரை லிட்டர், சர்க்யூட்டின் பையில் 2 லிட்டர். மிச்சத்துக்கு, தான் விட்ட நைட்ரஜனையே நோயாளி திரும்ப இழுக்கிறார். அதனால் பின்னால் ஆக்சிஜன் அளவு சீக்கிரம் விழும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் இதைச் செய்யலாம்.

எட்டு ஆழ்ந்த மூச்சு, ஒரு நிமிடம், ஃப்ளோ நிமிடத்துக்கு 10 லிட்டராவது: அவசரத்துக்கு இதுவே சரி. நடுராத்திரி சிசேரியனுக்கு நான் இதைத்தான் எடுப்பேன். கர்ப்பிணிக்கு எஃப்.ஆர்.சி. குறைவு என்பதால் நைட்ரஜன் சீக்கிரம் வெளியேறும்; ஆனால் இருப்பும் சின்னது, செலவும் அதிகம். உடல் பருமனானவருக்கும் இருப்புக் குறைவுதான். தலைப்பக்கத்தை 25 டிகிரி தூக்கிவிட்டால் கொஞ்சம் கூடும்.

இடுப்பெலும்பு முறிந்து வரும் ஆச்சிமாரிடம், “ஆச்சி, நல்லா இழுத்து இழுத்து விடுங்க” என்று எட்டு முறை சொல்லிப் பாருங்கள். வலியில் அரை மூச்சுதான் வரும். அங்கே மூன்று நிமிடமே மேல். பல்செட்டை மயக்கம் கொடுக்கும்வரை கழற்றாமல் வைத்தால் கன்னம் உள்ளே போகாது, மாஸ்க்கும் பொருந்தும். கசிகிற மாஸ்க்கோடு எந்த முறையும் உதவாது.

அப்புறம், பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 100 காட்டுகிறது என்று நிறுத்திவிடாதீர்கள். ஏற்கெனவே 98 இருந்த ரத்தம் நூறாவதற்குச் சில மூச்சே போதும். நுரையீரல் நிரம்பியதா என்பதை அது சொல்லாது. எண்ட் டைடல் ஆக்சிஜன், அதாவது மூச்சை விட்டு முடிக்கும்போது வரும் காற்றில் உள்ள ஆக்சிஜன், 90 சதவீதம் தொட்டதா என்று பாருங்கள். அந்த வசதி இல்லாத தியேட்டரில் கடிகாரத்தையும், ஒவ்வொரு மூச்சுக்கும் பை அசைகிறதா என்பதையும் பார்க்க வேண்டியதுதான்.