பெரிப் படகும் இலவசப் பேருந்தும்: பாகான் டாலாம் வாக்காளர் ஒருவரின் மதிப்பீடு

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பெருநிலக் கரையிலுள்ள பாகான் டாலாமில் குடியிருந்துகொண்டு, எதிரே பினாங்குத் தீவில் கணக்கர் வேலை பார்க்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் என்னைச் சுமந்து செல்லும் இரு சேவைகளைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். ஒன்று எங்கள் கரையின் பட்டர்வொர்த்திலிருந்து தீவின் ஜார்ஜ்டவுனுக்குச் செல்லும் பெரி என்னும் பயணப் படகு. மற்றது தீவின் இறங்குதுறைக்கும் கொம்தார் கோபுரத்துக்கும் இடையே சுற்றிவரும் கேட் பேருந்து.

முதலில் பெரி. கார்களையும் மனிதர்களையும் ஒன்றாக ஏற்றிச் சென்ற பழைய பெரிகளின் அந்தச் சேவை 2020 டிசம்பர் 31 அன்றோடு நின்றது. மழை நாளில் காரோடு ஏறி, கண்ணாடியை இறக்கிவிட்டு, பொட்டலத்தில் கட்டிய நாசி லெமாக் சோற்றைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் கரை வந்துவிடும். அந்தச் சுகம் இனி இல்லை. 2023 ஆகஸ்டு 7 அன்று ஓடத் தொடங்கிய நான்கு புதிய பெரிகளில் 250 பேரும் 50 மோட்டார் சைக்கிள்களும் ஏறலாம், காருக்கு இடமில்லை. பெரியவர்களுக்கு 2 வெள்ளி (ரிங்கிட்). குளிர்சாதனம், சுத்தமான இருக்கைகள், ஏறத்தாழக் கால்மணி நேரத்தில் அக்கரை என்று குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் ரொக்கம் வாங்குவதில்லை என்பது, கைத்துணியில் சில்லறை முடிந்து வரும் பாட்டிமார்களுக்குப் பெரும் தொல்லை. பின்னால் நிற்பவர் தம் அட்டையைத் தட்டி உதவும் காட்சியை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன்.

கேட் பேருந்தில் கட்டணமே இல்லை. சுற்றுலாப் பயணிகளின் பெட்டிகளுக்கு நடுவே நிற்கத்தான் பெரும்பாலும் இடம் கிடைக்கும். காலையில் பதினைந்து நிமிடத்தில் வருவது மாலையில் அரைமணியும் ஆகும். இலவசத்துக்கு இது போதும் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் அது இலவசமில்லை. என்னைப் போன்றவர்களின் வரிப்பணத்தில்தான் அது ஓடுகிறது.

எந்த வரி, யாருக்குக் கட்டியது என்று பார்க்கப் போனால்தான் தலை சுற்றுகிறது. துறைமுகங்கள் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி கூட்டரசின், அதாவது மத்திய அரசின், அதிகாரத்தில் உள்ளன. பெரியை நடத்துவதோ தனியார் கைக்கு மாறிய துறைமுக நிறுவனம். கேட் பேருந்துக்கு மாநில அரசும் தீவின் மாநகர் மன்றமும் பணம் தருகின்றன. ஓட்டுவது கூட்டரசின் நிதியமைச்சுக்குச் சொந்தமான பிரசரானா குழுமத்தின் ரேபிட் பினாங்கு. ஆக, வீட்டிலிருந்து அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் மூன்று அரசுகளின் எல்லைகளைக் கடந்துவிடுகிறேன்.

அரசாங்கம் மிகவும் பெருத்துவிட்டது, 16 லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களை யார் தாங்குவது என்று எங்கள் பகுதி தேநீர்க் கடையில் ஒரு நண்பர் அடிக்கடி கேட்பார். அவரோடு நான் முழுமையாக உடன்படுவதில்லை. படகும் பேருந்தும் இலாபத்தை மட்டும் நம்பி ஓடியிருந்தால் எங்கள் பகுதிக்கு எது மிஞ்சியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். என் மனக்குறை வேறு. வருமான வரி, நிறுவன வரி, விற்பனை சேவை வரி அனைத்தும் கூட்டரசுக்குப் போகின்றன. 2025க்கான அதன் வரவு செலவுத் திட்டம் மட்டும் 42,100 கோடி வெள்ளி. மாநிலத்துக்குப் பெரும்பாலும் நிலத்தையும் நில வரியையும் நம்பிய வருமானமே மிச்சம். எங்கள் கரையில் நான் ஆண்டுக்கு இருமுறை வீட்டு வரி கட்டும் செபராங் பிறை மாநகர் மன்றத்துக்கோ, எனக்கு ஓட்டே கிடையாது.

சென்ற ஆண்டு நான் வழக்கமாக நிற்கும் நிறுத்தத்தின் நிழற்குடை ஒழுகத் தொடங்கியது. மூன்று அலுவலகங்களுக்கு எழுதினேன்; அவற்றின் பெயர்கள் இங்கே வேண்டாம். முதலாவது இரண்டாவதைக் கைகாட்டியது, இரண்டாவது மூன்றாவதை, மூன்றாவது அன்போடு மீண்டும் முதலாவதை. அரசு பெரிதாக இருந்தது உண்மைதான். ஆனால் தட்டுவதற்குரிய கதவு எது என்று சொல்ல அதில் ஒருவரும் இல்லை.

2022 நவம்பரில் நாடாளுமன்றத்துக்கும், ஒன்பது மாதம் கழித்து 2023 ஆகஸ்டு 12 அன்று மாநிலச் சட்டமன்றத்துக்கும் வாக்களித்தேன். புதிய பெரிகள் அந்த வாக்களிப்புக்கு ஐந்து நாள் முன்புதான் வந்தன, முதல் ஒரு மாதம் இலவசமாகவும் ஓடின. தற்செயலாகவும் இருக்கலாம். கூட்டரசின் அதிகாரத்தில் உள்ள படகைப் பார்த்து மாநிலத்துக்கு ஓட்டுப் போட்டவர்கள் எங்கள் வரிசையிலேயே இருந்தார்கள். அவர்களை நான் குறைகூற மாட்டேன், யாருக்கு எது பொறுப்பு என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இந்த ஊரில் நிலைமை எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1957இல் மாநகரான ஜார்ஜ்டவுனின் தொடக்ககால மேயர்களில் ஒருவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். இராமநாதன், நம்மவர். இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965இல் ஊராட்சித் தேர்தல்கள், அதாவது நகர மன்றங்களுக்கான தேர்தல்கள், நிறுத்தி வைக்கப்பட்டன. ஊராட்சி முறையை ஆராய அமைந்த அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவரும் ஒரு தமிழரே. செனட்டர் ஆதி நாகப்பனின் அந்த ஆணையம் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி தொடர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசாங்கம் ஏற்கவில்லை, 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் கதவை அடைத்தது. பினாங்கு மாநிலம் 2012இல் தானே ஒரு சட்டம் இயற்றித் தேர்தலை மீட்க முயன்றது. ஊராட்சி மாநிலப் பட்டியலில் இருக்கும் விஷயம் என்றாலும், 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அம்முயற்சியைத் தள்ளுபடி செய்தது. இன்றும் மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது.

தேர்தல் வந்தால் நமக்கு நல்லதா என்று என் அண்ணன் கேட்பது நியாயமான கேள்வி. நியமனத்தில் ஓர் இந்தியருக்கு நாற்காலி தரும் வழக்கமாவது உண்டு. வாக்குப்பெட்டியில் எண்ணிக்கை குறைந்த சமூகத்துக்கு அந்த உத்தரவாதம் இல்லை. இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. ஆயினும், என்னிடம் ஓட்டுக் கேட்டு வர வேண்டிய கட்டாயம் உள்ள ஒருவர் நிழற்குடைக் கடிதத்தைக் கடைசிவரை படித்திருப்பார் என்றே நம்புகிறேன். எனவே பெரிக்கு ஐந்துக்கு நான்கு, பேருந்துக்கு மூன்று. மாநகர் மன்றத்துக்கு மதிப்பெண் போடும் சீட்டு இன்னும் என் கைக்கு வரவில்லை.

நிழற்குடையின் கூரை ஐந்து மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் புதிதாக இருந்தது. யார் போட்டார்கள் என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.