ரெஸ்டிக் 3 வருஷம்: ஃபைல் முழுசா வந்துச்சு, டேட்டாபேஸ் பாதிதான் வந்துச்சு

சிங்கப்பூர் ஜூரோங்ல இருக்க நண்பர் ஒருத்தர் "கடை சர்வருக்கு பேக்கப் எடுக்கற சாஃப்ட்வேர் ரெஸ்டிக் தானே வச்சிருக்கீங்க, நானும் போடவா"ன்னு கேட்டாரு. போன்ல சொன்னா கோவத்துல ஏதாவது பேசிடுவேன், அதான் எழுதிடறேன்.

தேக்கா பக்கம் ஒரு மளிகைக்கடையோட ஆன்லைன் ஆர்டர் சர்வர நான்தான் பாத்துக்கறேன். தினம் ராத்திரி 2 மணிக்கு பேக்கப் என்கிரிப்ட் ஆகி வெளியூர் ஸ்டோரேஜுக்குப் போயிடும். தீபாவளிக்கு 12 நாள் இருக்கறப்ப டிஸ்க் படுத்துடுச்சு, மொத்தமும் போச்சு.

ஃபைல் விஷயத்துல ஒரு குறை சொல்ல மாட்டேன். பேக்கப் பாஸ்வேர்ட் தொலைஞ்சா ரெஸ்டிக்க செஞ்சவங்களாலயே தொறக்க முடியாது, அதனால பேப்பர்ல எழுதி கடை கல்லாவுல ஒண்ணு, என் வீட்டுல ஒண்ணு வச்சிருந்தேன், அது இல்லன்னா அன்னிக்கே கதை முடிஞ்சிருக்கும். மவுண்ட்னு ஒரு வசதி இருக்கு பாருங்க, பேக்கப்ப சாதாரண ஃபோல்டர் மாதிரி தொறந்து காட்டுது, எந்தத் தேதி வேணுமோ அதுக்குள்ள போய் ஒரே ஒரு ஃபைல மட்டும் எடுத்துக்கலாம். வெப்சர்வர் செட்டிங் எல்லாம் அப்படித்தான் ரெண்டே நிமிஷத்துல எடுத்தேன், உண்மையிலேயே கண்ணு கலங்கிடுச்சு. சாமான் போட்டோ 60 ஜிபி, விடியறதுக்குள்ள வந்துடுச்சு.

அப்புறம் டேட்டாபேஸ். இம்போர்ட் பண்ணா எரரே இல்ல, சைட்ட தொறந்தா ஆர்டர் ஒண்ணு கூட இல்ல. டம்ப் ஃபைலோட, அதாவது டேட்டாபேஸ் மொத்தத்தையும் எழுதி எடுத்து வைக்கற ஃபைலோட, கடைசிய பாத்தேன். எங்க டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல், அதோட டம்ப் ஒழுங்கா முடிஞ்சா கடைசி வரியில 'டம்ப் கம்ப்ளீட்டட்'னு தேதியோட இருக்கும், இதுல ஒரு இன்வாய்ஸ் வரி பாதியில நிக்குது. யாரோ பெரிய ஸ்கேன் படத்த டேபிளுக்குள்ளயே சேவ் பண்ணிருக்காங்க, ஒரே தடவையில அனுப்பக்கூடிய பாக்கெட் அளவு மீறி டம்ப் அங்கயே நின்னுடுச்சு. டேபிள் எல்லாம் அகரவரிசையில போறதால இன்வாய்ஸுக்கு அப்புறம் வர்ற ஆர்டர்ஸ் டேபிள் உள்ளயே போகல. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, 19 ராத்திரி. 19 ராத்திரியும் பேக்கப் சக்சஸ்னு மெயில் வந்திருக்கு!

நியாயமா பாத்தா குத்தம் ரெஸ்டிக் மேல இல்ல. டம்ப் கமாண்ட் எழுதறத பைப் போட்டு நேரா ரெஸ்டிக்குக்கு அனுப்புனா, முன்னாடி ஓடுன கமாண்ட் செத்தாலும் ஷெல் (கமாண்ட ஓட்டற புரோகிராம்) பின்னாடி உள்ளதோட ரிசல்ட்டத்தான் சொல்லும், எது செத்தாலும் ஃபெயில்னு சொல்ல வைக்கற பைப்ஃபெயில் செட்டிங்க நான் போட்டிருக்கணும், போடல. 2024ல வந்த ரெஸ்டிக் 0.17 வெர்ஷன்ல டம்ப் கமாண்ட ரெஸ்டிக்கையே ஓட்டச் சொல்லலாம், அது ஃபெயிலானா பேக்கப்பையும் ஃபெயில்னு சொல்லும், எடுத்த பேக்கப் ஒவ்வொண்ணோட (ஸ்னாப்ஷாட்) லிஸ்ட்ல சைஸும் காட்டுது. நான் பழைய வெர்ஷன்லயே இருந்துட்டேன். இதெல்லாம் தெரிஞ்சும் ஆத்திரம் அடங்கல, பாதி ஃபைல வாங்கி பத்திரமா பூட்டி வச்சுட்டு நல்லா முடிஞ்சுதுன்னு சொல்லுற சாமான எப்படிங்க நம்புறது?

அதுக்கு முந்தின முழு டம்ப்ப ஏத்திட்டு, மிச்சம் அந்த 19 நாள் ஆர்டர கன்ஃபர்மேஷன் மெயில பாத்து கடை அக்கா ரெண்டு பேரும் நானும் கையால அடிச்சோம், மூணு ராத்திரி, கோப்பி மேல கோப்பி. ஓனர் அண்ணன் ஒரு வார்த்தை திட்டல, அதான் இன்னும் வலிக்குது.

அதனால நண்பருக்கு: ஃபைலுக்கு கண்ண மூடிட்டு போடுங்க. டேட்டாபேஸுக்கு இன்னிக்கு கேட்டா வேணாம்னுதான் சொல்லுவேன். ஆனா நான் மாத்தல, 0.17க்கு ஏத்திட்டு ஸ்டோரேஜுக்கும் அடுத்த வருஷ காச கட்டிட்டேன். இப்ப ஞாயித்துக்கிழமை ராத்திரி ஆனா வீட்டு பழைய லேப்டாப்ல டேட்டாபேஸ ரெஸ்டோர் பண்ணி, கடைசி வரிய பாத்து, ஆர்டர்ஸ் டேபிள்ல எத்தன வரி இருக்குன்னு எண்ணி அண்ணனுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டுத்தான் படுக்கறேன்.