வேடந்தாங்கல்: கேமராவோடு போகிறவர்களுக்கு

வேடந்தாங்கல் ஏரி மொத்தமே 30 ஹெக்டேர்தான். தண்ணீரில் பாதி மூழ்கி நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் கூட்டுக்கு மேல் கூடாக அடுக்கி வைத்தது போல் நாரைகள் வாழ்கின்றன. கரையில் நடந்தபடியே அவற்றின் குடும்ப வாழ்க்கையைப் பார்க்கலாம், படகு வேண்டியதில்லை. சென்னையிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய இடங்களில் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

கிளம்பும் முன் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால்தான் கீரி, காட்டுப்பூனை போன்றவை கூட்டை அண்டாது. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் பறவைகள் வேறிடம் தேடிப் போய்விடும். மழை நன்றாகப் பெய்த வருடத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை பார்க்கலாம். குஞ்சுகளைப் பார்க்க ஜனவரி, பிப்ரவரி நல்லது.

கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. 300 மி.மீ. லென்ஸில் மரமும் கூட்டமும் அழகாக வரும். ஒற்றைப் பறவையின் முகம் வேண்டுமென்றால் 400 மி.மீ.க்குக் குறைந்து போகாதீர்கள். மொபைல் ஏமாற்றும். படம் எடுக்காதவர்களுக்கு 8x42 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மி.மீ.) போதும். முக்காலியை விரித்தால் கரையில் நடப்பவர்களுக்கு இடைஞ்சல், ஒற்றைக்கால் ஸ்டாண்டே வசதி.

பலர் சொதப்புவது வெளிச்சத்தில். இங்கே முக்கால்வாசிப் பறவைகள் வெள்ளை. மரத்தின் கரும்பச்சையைக் கேமரா அளந்து படத்தை வெளிச்சமாக்கும், இறகு மொத்தமும் சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, 0.7 முதல் 1 ஸ்டாப் வரை குறையுங்கள் (1 ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). அதே பறவை வெளிறிய வானத்தில் பறந்தால் நேர் எதிர்: 1 ஸ்டாப் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் வெறும் கறுப்பு உருவம்தான் மிஞ்சும். பறக்கும் நாரைக்கு ஷட்டர் வேகம் 1/1600 நொடியை விட மெதுவாகப் போகக் கூடாது. ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) ஆட்டோவில் விட்டுவிடலாம். உங்கள் நிழல் ஏரிப் பக்கம் விழும் இடமாகப் பார்த்து நில்லுங்கள், வெளிச்சம் பறவையின் மேல் நேராக விழும். 11 மணிக்கு மேல் வெயிலில் காற்று நடுங்கத் தொடங்கும். அப்போது எவ்வளவு விலையுள்ள லென்ஸும் மங்கலாகத்தான் எடுக்கும்.

நத்தைகுத்தி நாரையின் அலகை நெருங்கிப் பாருங்கள். வாயை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். அதன் இரையே நத்தைதான். மஞ்சள்மூக்கு நாரையின் வால்பக்கத்து இளஞ்சிவப்பு இறகையும் கவனியுங்கள். பாம்புத்தாரா சிறகை விரித்துக் காய வைக்கும்போது நிதானமாக நிற்கும், புதிதாக எடுப்பவர்கள் அதில் பழகலாம்.

இந்த இடத்தின் உயிர் மாலை 4 மணிக்கு மேல்தான். இரை தேடப் போன கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் கூட்டமாகத் திரும்பும். இருட்டும் நேரத்தில் இராக்கொக்கு எதிர்த்திசையில் வேட்டைக்குக் கிளம்பும். இறங்கும் பறவை வேகம் குறைத்துக் கால்களை நீட்டும் அந்த ஓரிரு நொடிகளுக்காகவே காத்திருக்கலாம். மதியம் 2 மணிக்கு உள்ளே போய் மூடும்வரை இருப்பதே என் பரிந்துரை.

ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள், கரை முழுக்கப் பேச்சுச் சத்தமாக இருக்கும். பறவையை எழுப்பிப் பறக்கவிட்டுப் படம் எடுக்கக் கை தட்டுவது மன்னிக்க முடியாத செயல். பெற்றோர் எழுந்து போனால் வெயிலில் குஞ்சுக்கு நிழல் இல்லை. எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்று தலைமுறைகளாக இந்தப் பறவைகளைக் காத்துவரும் ஊர் இது.

ஜிஎஸ்டி சாலையில் படாளம் கூட்டு ரோட்டில் திரும்ப வேண்டும். பேருந்து குறைவு, சொந்த வண்டிதான் சௌகரியம். தொப்பி, குடிநீர் கட்டாயம். வாத்துகள் வேண்டுமென்றால் சுமார் 10 கி.மீ. தள்ளியுள்ள கரிக்கிலிக்குக் காலையிலேயே போய்விட்டு, மதியம் இங்கே வாருங்கள்.